விதையை அடையாளம் காட்டிய சகோதரர் காமெல்



கசப்பான எதையும் எட்டிக்காய் என்கிறோம். நம் தர்மபுரிப் பக்கத்துப் பாட்டிமார் அதைத் தொடவே விடமாட்டார்கள். கசப்பு மட்டுமல்ல, நஞ்சு. இந்த எட்டிக்குப் புனிதர் பெயரில் ஓர் உறவுக்கொடி இருக்கிறது. பிலிப்பைன்ஸ் தீவுக் காடுகளில் படரும் அக்கொடியின் விதைக்குப் புனித இஞ்ஞாசியார் அவரை என்று பெயர். அதை ஐரோப்பிய அறிஞர்களுக்கு விளக்கி எழுதியவர் இயேசு சபைச் சகோதரர் ஜார்ஜ் யோசேப்பு காமெல்.

இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரில் 1661-இல் பிறந்தார். 1682-இல் சபையில் சேர்ந்தார். குருவாகவில்லை, சகோதரராகவே மருந்தகப் பணி செய்தார். 1688-இல் மணிலா சென்று, சபைக் கல்லூரியில் மருந்துக்கடை நடத்தினார். ஏழைகளுக்கு இலவசமாகவே மருந்து கொடுத்தார். ஐரோப்பிய மருந்துச் சரக்கு அங்கே அரிது. எனவே தீவின் செடிகளையே தேடிப் படம் வரைந்து, உள்ளூர் மக்கள் அழைக்கும் பெயர்களையும் குறித்துக்கொண்டார்.

அவர் அனுப்பியவை நம் சென்னை வழியாகவும் போயின என்பது பலருக்குத் தெரியாது. புனித ஜார்ஜ் கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரவுனோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அங்கிருந்து லண்டன் பெட்டிவருக்கும், தாவரவியலார் ஜான் ரேக்கும் சென்றன. ரே ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்றவர். இயேசு சபையினர் என்றாலே இங்கிலாந்தில் பகைத்த காலம் அது! ஆயினும் லூசோன் தீவுத் தாவரங்களைப் பற்றிய காமெலின் குறிப்புகளை, 1704-இல் தம் பெருநூலின் மூன்றாம் பாகத்தில் பிற்சேர்க்கையாக அச்சிட்டார்.

இஞ்ஞாசியார் அவரையைப் பற்றிய கட்டுரை 1699-இல் லண்டனில் வெளிவந்தது. பழைய அரபு மருத்துவ நூல்கள் சொன்ன நச்சுக்கொட்டை இதுதான் என்று காமெல் கருதினார். பெயர் ஆராய்ச்சிதானே என்று நாம் நினைக்கலாம். மருந்துக்கடைக்காரருக்கு அப்படியல்ல. விதை மாறினால் நோயாளியின் உயிர் போகும். பின்னாளில் தாவரவியலார் இந்தக் கொடியையும் எட்டியையும் ஒரே பேரினத்தில் வைத்தார்கள். 1818-இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லட்டியேயும் கவந்துவும் இந்த விதையிலிருந்தே ஸ்டிரிக்னினைப் பிரித்தெடுத்தனர். வலிப்பு வரச்செய்து மூச்சை நிறுத்தும் கொடிய நஞ்சு அது. எட்டி விதையிலும் அதுவே இருக்கிறது.

1706 மே 2-ஆம் நாள், 45 வயதில், காமெல் மணிலாவில் இறைவனடி சேர்ந்தார். பின்னர் தாவரங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ், தேயிலைக் குடும்பத்து அழகிய மலர்ச்செடி ஒன்றுக்குக் கமேலியா என்று அவர் பெயரையே வைத்தார். அந்தப் பூவைக் காமெல் கண்டதாகச் சான்று இல்லை. அவர் பாடுபட்டு விளக்கிய கொடியோ இன்றும் இஞ்ஞாசியார் பெயரில்தான் இருக்கிறது.