பூகம்பத்துக்கு எண் கொடுத்தவர்

பூகம்பச் செய்தியில் ரிக்டர் அளவு என்று வருகிறது அல்லவா? ரிக்டர் என்பது ஒரு மனிதரின் பெயர்.

சார்லஸ் ரிக்டர் 1900-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓகியோ மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறியது. பையனுக்கு நட்சத்திரங்கள் மீது ஆசை. படித்ததோ பௌதிகம். 1927-ல் பாசடீனா நகரின் பூகம்ப ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்தது. வானத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர் பூமியைப் பார்க்க வேண்டியதாயிற்று!

அந்தக் காலத்தில், எத்தனை வீடு இடிந்தது என்று பார்த்துத்தான் பூகம்பத்தை மதிப்பிட்டார்கள். ஆளில்லாத பாலைவனம் அதிர்ந்தால்? கணக்கே கிடையாது.

ரிக்டர் கருவியை நம்பினார். நிலம் ஆடும்போது கருவியில் பதியும் கோடு மேலும் கீழும் போகும். அதை அளந்தார். தூரம் கூடினால் ஆட்டம் குறையும். ஆகவே, 100 கிலோமீட்டர் தொலைவில் எவ்வளவு ஆடியிருக்கும் என்று கணக்கிட்டார். ஆனால் சின்ன அதிர்ச்சிக்கும் பெரிய அதிர்ச்சிக்கும் பல லட்சம் மடங்கு வித்தியாசம். காகிதத்தில் அடங்கவில்லை. உடன் இருந்த ஜெர்மன் விஞ்ஞானி குட்டன்பர்க் வழி சொன்னார். அதன்படி, எண் ஒன்று கூடினால் ஆட்டம் 10 மடங்கு. சக்தியோ சுமார் 32 மடங்கு!

1935-ல் இந்த அளவு வெளியாயிற்று. ரிக்டர் பெயர் உலகம் எங்கும் பரவியது. குட்டன்பர்க்கை மறந்துவிட்டார்கள். அது நியாயம் அல்ல என்பதைப் பின்னாளில் ரிக்டரே ஒப்புக்கொண்டார்.

வீட்டுக் கூடத்திலேயே ஒரு பூகம்பக் கருவி வைத்திருந்தார் அவர்.

மெதுவான அலைகள்

அந்த அளவில் ஒரு குறை இருந்தது. பூகம்ப அலைகள் பல வகை. சில, ஒரு விநாடிக்குள் ஏறி இறங்கிவிடும். சில அலைகளுக்கு 20 விநாடி ஆகும். மிகப் பெரிய பூகம்பத்தில் நிமிஷக் கணக்கில் ஆகும். ரிக்டரின் கருவி வேகமான அலைகளையே நன்றாகப் பிடித்தது. 20 விநாடி அலைகளுக்குக் குட்டன்பர்க் தனி அளவு வகுத்தார். அதுவும் 8-ஐத் தாண்டியதும் திணறியது. 1906-ல் சான்பிரான்சிஸ்கோ பூகம்பம், 1960-ல் சிலி நாட்டுப் பூகம்பம் இரண்டுக்கும் 8-க்குச் சற்று மேல்தான் எண் கிடைத்தது. உண்மையில் சிலி பூகம்பத்தின் சக்தி இருநூறு மடங்குக்கும் அதிகம்!

இதைத் தீர்த்தவர் அதே ஆராய்ச்சிக் கூடத்து ஜப்பானியர் கனமோரி. பாறை எவ்வளவு நீளம் பிளந்தது, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மெதுவான அலைகளிலிருந்து கணக்கிட்டார். 1979-ல் அவரும் ஹாங்க்ஸ் என்பவரும் புதிய அளவை வெளியிட்டார்கள். அதில் சிலிக்கு 9.5. சான்பிரான்சிஸ்கோ 7.9-க்கு இறங்கிற்று.

ரிக்டர் அப்போது உயிருடன்தான் இருந்தார். 1985 செப்டம்பர் 30-ந் தேதி, 85-வது வயதில் காலமானார். பெரிய பூகம்பங்களை இப்போது புதிய முறையில்தான் அளக்கிறார்கள். செய்திகளில் மட்டும் இன்னும் ரிக்டர் பெயரே வந்துகொண்டிருக்கிறது.