மணலில் எழுதிப் படித்த மாமனிதர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

தரங்கம்பாடிக்குச் சுற்றுலா சென்ற நண்பர்கள் பலர் அங்கே அலைகள் மோதும் டேனியக் கோட்டையைக் கண்டிருப்பீர்கள். அக்கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில், இராஜ வீதியில், புதிய எருசலேம் ஆலயம் என்னும் பழைமையான தேவாலயம் ஒன்று உள்ளது. அதனுள்ளே முப்பத்தாறு வயதில் மறைந்த ஒரு ஜெர்மானியர் துயில்கிறார். அவர்தாம் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

அச்சுக்கலையின் வரலாற்றை ஆராய்வோர் தமிழ் நூல்களை அச்சேற்றியவர் என்று அவரைப் போற்றுவர். கிறித்தவ அன்பர்கள் இந்நாட்டிற்கு வந்த முதல் சீர்திருத்தச் சபைத் தொண்டர் என்று அவரை நினைவுகூர்வர். ஆனால், எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலில் மிதித்தவன் என்ற முறையில், என் உள்ளத்தைக் கவர்ந்தது அவர் நடத்திய தொடக்கப் பள்ளியே. அங்கே என்ன கற்பித்தார்கள்? யாருக்குக் கற்பித்தார்கள்? அதற்காக அவர் பட்ட பாடுகள் யாவை? இவற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பயணமும்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு சீகன்பால்கு பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். வாழ்நாள் முழுவதும் உடல்நலக் குறைவு அவரை விட்டு நீங்கவில்லை. ஹாலே நகரில் அவர் சில காலம் பயின்றார். அங்கே பிராங்கே என்னும் பேராசிரியர் ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்தி வந்தார். பசித்த பிள்ளைக்குச் சோறும் எழுத்தும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்த அக்காட்சி இளைஞரின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குச் சமயத் தொண்டர்களை அனுப்ப விரும்பினார். அதற்கு இசைந்த சீகன்பால்கு, தம் நண்பர் புளுட்சோவுடன் கப்பலேறி 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் இங்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. நம்மைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்! மன்னர் அனுப்பிய போதிலும், தரங்கம்பாடியிலிருந்த டேனிய வணிகக் குழுவின் அதிகாரிகள் அவர்களை வரவேற்கவில்லை.

ஆசிரியர் மாணவரானார்

வந்தவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அகராதியும் இல்லை, இலக்கண நூலும் கையில் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கே வந்து பள்ளி நடத்தும்படி வேண்டிக்கொண்டார். பின் அச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் அகரம் எழுதத் தொடங்கினார். அந்தக் காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! பல்கலைக்கழகம் சென்றுவந்த வெள்ளையர் ஒருவர், அரைஞாண் கட்டிய நம் சிறுவர்களுக்கு இடையே, அவர்கள் ஓதுவதைத் தாமும் ஓதிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

அழகப்பன் என்னும் பன்மொழி அறிந்த தமிழர் அவருக்குத் துணை நின்றார். ஒரு நூலைப் பலமுறை ஓதி, அதில் தமக்கு விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்த பின்னரே அவர் அடுத்த நூலைத் தொடுவார். இரவில் கண்களுக்கு ஓய்வு தர, பிறரைப் படிக்கச் சொல்லிச் செவியால் கேட்பார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி, 1708ஆம் ஆண்டில் ஒரு நூற்பட்டியலே ஆக்கிவிட்டார். அதே ஆண்டில் திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்ட கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

தமிழரை நாகரிகம் அறியாதவர் என எண்ணிக் கப்பலேறியவர் அவர். அந்த எண்ணத்தை மாற்றியது நம் சிறுவர்களின் பாடத்திட்டமே என்றால் அது மிகையாகாது.

பள்ளியில் கற்பித்தவை

1707ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் அவருடைய பள்ளிகள் தோன்றின. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலும், போர்ச்சுகீசியம் பேசியோரின் பிள்ளைகளுக்கு அம்மொழியிலும் பாடம் நடந்தது. தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

நாள்தோறும் வழிபாட்டுடன் பள்ளி தொடங்கும். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை அவரே தமிழாக்கியிருந்தார். அதனை வினாவும் விடையுமாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வர். சமயத்தைப் பரப்புவதே அப்பள்ளியின் முதல் நோக்கம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதனோடு அவர் நின்றுவிடவில்லை. வாசித்தல், எழுதுதல், கணக்கு, இசைப்பாடல் ஆகியனவும் பாடங்களாயின. எழுத்து முதலில் மணலில். கை பழகிய பின் எழுத்தாணி கொண்டு ஓலையில். ஆம், தாம் கற்ற திண்ணைப் பள்ளியின் முறையையே அவர் தம் பள்ளியிலும் வைத்துக்கொண்டார்! தமிழ் கற்பிக்கத் தமிழ் வாத்தியார்களையே அமர்த்தினார்.

பெண் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி வைத்தார். எழுத்தறிவோடு நூல் நூற்றல், பின்னல் முதலிய கைத்தொழில்களும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பெண்ணுக்கு ஏட்டுப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் பள்ளியிலேயே வழங்கப்பட்டன. சத்துணவுத் தட்டை ஏந்திப் பள்ளிக்குச் சென்ற நம்மில் பலருக்கு, ஒரு வேளைச் சோறு படிப்பைக் காப்பாற்றும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அச்சும் ஏடும்

பாடநூல்களை ஓலையில் படியெடுத்து மாளவில்லை. தமிழ் எழுத்துகள் 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அச்சேறியவைதாம். ஆனால் அம்முயற்சி தொடரவில்லை. ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713ஆம் ஆண்டு தரங்கம்பாடி வந்தடைந்தன. அவை அளவில் பெரியவையாய் இருந்து தாளை விழுங்கின. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். தாள் தட்டுப்பாட்டைப் போக்கப் பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் அச்சிட்டு முடிந்தது.

நல்லாசிரியர் இன்றி நல்ல பள்ளி ஏது? 1716ஆம் ஆண்டு ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சென்னையிலும் கடலூரிலும் அறப்பள்ளிகள் எழ அவர் காரணமானார்.

சோதனைகள்

ஏழை விதவை ஒருத்திக்காகப் பரிந்து பேசியதில் ஆளுநர் ஹாசியுசின் சினத்திற்கு ஆளாகி, 1708ஆம் ஆண்டு நவம்பரில் சிறைப்பட்டார். நான்கு மாதங்கள் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். எழுதுகோலும் மையும்கூட முதலில் மறுக்கப்பட்டன.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713ஆம் ஆண்டில் எழுதிய அரிய நூலை ஹாலேயிலிருந்தோர் அச்சிட விரும்பவில்லை. தொண்டர் இச்சமயத்தை ஒழிக்கச் சென்றவரேயன்றி, இதனை ஐரோப்பாவில் பரப்பச் சென்றவர் அல்லர் என்பது அவர்கள் கருத்து. அந்நூல் 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சேறியது.

சிறையைவிடக் கொடிய அடி இறுதியில் வந்தது. கோபன்ஹேகனில் இருந்த சங்கச் செயலர் வெண்டு என்பவர், பள்ளிக்கும் கட்டடத்திற்கும் பணம் செலவிடுவது தவறு என்றார். முற்காலத் திருத்தூதர்களைப்போல் ஏதுமின்றி ஊர் ஊராய்ச் சென்று போதிப்பதே தொண்டர்க்கு அழகு என்று கண்டித்து எழுதினார். பிள்ளைகளின் முகத்தை நாள்தோறும் பார்ப்பவருக்கும், கணக்கேட்டை மட்டும் பார்ப்பவருக்கும் இடையே நிகழ்ந்த வழக்கு இது. நோயுற்றிருந்த சீகன்பால்குவின் உள்ளத்தை அக்கடுமொழிகள் உடைத்தன. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். நான்கு மாதங்களுக்கு முன்னரே திறக்கப்பட்டிருந்த புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

விதைத்தது வீண்போகவில்லை

ஆனால் பள்ளிகள் மூடப்படவில்லை. அவரிடம் 1718ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்ற ஆரோன் என்னும் தமிழர் அப்பள்ளியில் ஆசிரியராய்த் தொண்டாற்றி, 1733ஆம் ஆண்டில் குருவாக உயர்ந்தார். சீர்திருத்தச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. செலவுக் கணக்கில் வீண் என்று எழுதப்பட்ட பள்ளி, ஒரு தலைமுறைக்குள் தந்த வரவு அது.

நண்பர்களே! சீகன்பால்குவின் சமயத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் கற்பிக்க வந்தவர் முதலில் கற்றார் என்பது எந்நாளும் நாம் போற்ற வேண்டிய பாடம். பிள்ளையின் மொழியை, பிள்ளையின் ஏட்டை, பிள்ளையின் பசியை அறிந்த பிறகே அவர் பாடத்திட்டம் வகுத்தார்.

என் பாட்டி எழுபது ஆண்டுகள் கைநாட்டு வைத்தவர். கடந்த கோடை விடுமுறையில் அவருக்குப் பெயரெழுதக் கற்றுக்கொடுக்க முயன்றேன். பேனாவைப் பிடிக்க அவர் விரல் நடுங்கியது. சீகன்பால்குவைப் பற்றிப் படித்த நினைவு வர, வாசலில் மணலைப் பரப்பினேன். நடுக்கமின்றி எழுதினார். எழுதியதை அழிக்க மனமின்றி நெடுநேரம் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் எழுதிய அம்மணல் இன்றும் நம் வாசலில் கிடக்கிறது. அதனருகே அமர்ந்து கற்பிப்பதும், அமர்ந்து கற்பதும் பட்டம் பெறப்போகும் நம் கடமை அல்லவா?