தம் எண்ணத்தையும் வினவிய தர்மானந்த கோசம்பி

எதனையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும் என்று காலாமர்க்குப் பகவன் புத்தர் அருளிய அறவுரையை நம் சங்கத்தார் அனைவரும் அறிவர். ஆயினும் அவ்வறவுரையை நாம் பெரும்பாலும் பிறர் கொள்கைகளின்மீதே செலுத்துகின்றோம். அயலார் கூறும் புராணத்தை ஐயுறுகின்றோம். நம் உள்ளத்தில் எழும் எண்ணத்தை ஐயுறுவதில்லை. தம் எண்ணத்தையும் வினாவுக்கு உட்படுத்தி வாழ்ந்த பேரறிஞர் ஒருவர் நம் மும்பை மாநகரில், ஆலைத் தொழிலாளர் நடுவே தங்கிப் பணியாற்றினார். அவரே தர்மானந்த கோசம்பி.

1876ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த கோவாவில், சாக்வாள் என்னும் சிற்றூரில் ஒரு பிராமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். முறையான பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. தென்னந்தோப்பைப் பேணுவதே வேலையாயிற்று. இளமையிலேயே மணமும் முடிந்தது. மனச்சோர்வில் உழன்ற அவ்விளைஞர் கையில் மராத்திச் சிறுவர் இதழ் ஒன்று கிடைத்தது. அதில் வந்த புத்தர் வரலாறு அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அறிந்தோரிடம் சென்று பௌத்தத்தைக் கற்றே தீர்வது எனத் துணிந்தார்.

1899ஆம் ஆண்டு மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு வீட்டினின்றும் புறப்பட்டார். புனேயில் வடமொழி கற்கத் தொடங்கி, காசியில் அன்னசத்திரத்து உணவை உண்டு அதனைத் தொடர்ந்தார். நேபாளத்தில் உயிருள்ள பௌத்தத்தைக் காணலாம் என்றெண்ணிச் சென்று ஏமாற்றமுற்றார். அவ்வேமாற்றத்தோடு நின்றுவிடாமல் புத்தகயைக்கும், கல்கத்தாவிற்கும், அங்கிருந்து இலங்கைக்கும் சென்றார். 1902ஆம் ஆண்டு கொழும்பு வித்யோதய பிரிவேனாவில் சுமங்கல மகாதேரரிடம் பாலி மொழி பயின்று துறவாடையும் ஏற்றார். பின்னர்ச் சென்னைக்கு வந்து அங்கிருந்த பௌத்தர்களோடு சில காலம் தங்கினார். பேராசிரியர் லட்சுமி நரசு, சிங்காரவேலர் முதலியோர் அந்நகரில் பௌத்தப் பணி ஆற்றிய காலம் அது. அதன்பின் பர்மா சென்று தியானமும் பயின்றார்.

இத்துணை இடர்ப்பட்டுப் பெற்ற துறவு வாழ்வையும் அவர் கேள்விக்கு அப்பாற்பட்டதாகக் கொள்ளவில்லை. துறவாடையைக் களைந்து தாயகம் மீண்டு, 1906ஆம் ஆண்டளவில் தம் மனைவியோடு மீண்டும் இணைந்தார். கணிதத்திலும் வரலாற்றிலும் பின்னாளில் புகழ்பெற்ற தாமோதர் தர்மானந்த கோசம்பி 1907ஆம் ஆண்டு பிறந்த அவர்தம் மைந்தரே. ஏற்றுக்கொண்ட கோலத்தை மானத்தின் பொருட்டே சுமந்து திரிவோர் பலர். கோசம்பியோ கோலத்தைவிட உண்மையைப் பெரிதாக மதித்தார்.

கல்கத்தாவில் பாலி மொழி கற்பித்துவந்த அவருக்கு, மராட்டிய நாட்டில் தங்கி ஆண்டுக்கொரு நூல் எழுதுவதாயின் திங்கள்தோறும் 50 ரூபாய் உதவுவதாக பரோடா மன்னர் சாயாஜிராவ் முன்வந்தார். எளிய மக்களின் தாய்மொழியில் தம்மத்தை எழுதுவதே தம் கடன் என்றுணர்ந்து அதனை ஏற்றார். 1910ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. புத்தகோசர் இயற்றிய விசுத்திமார்க்கத்தைப் பதிப்பிக்கும் பணி அங்கே காத்திருந்தது. பர்மிய, சிங்கள எழுத்திலமைந்த சுவடிகளை ஒப்புநோக்கி ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அப்பதிப்பு தேவநாகரி எழுத்தில் 1940ஆம் ஆண்டு மும்பையிலும், ஹார்வர்டு வரிசையில் 1950ஆம் ஆண்டிலும் வெளிவந்தது. மனிதர் இயல்பை ஆறாகப் பகுத்து, தியானத்திற்குரிய பொருள் 40 எனக் காட்டி, அவரவர் இயல்புக்கு ஏற்றதை வகுப்பது அந்நூல். ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது என்பதை உள்ளத்தின் திறத்தில் உணர்த்தும் நூல் என்று அதனைச் சொல்லலாம்.

கோசம்பியின் ஆராய்ச்சித் துணிவைக் காட்டச் சிறந்த சான்று ஒன்றுண்டு. முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நான்கு காட்சிகளைக் கண்டே சித்தார்த்தர் நள்ளிரவில் அரண்மனை நீங்கினார் என்னும் கதையை அறியாதார் நம்மில் யாருமிலர். அன்பினால் நம் நெஞ்சில் பதிந்த கதையை ஐயுறுவது எளிதன்று. ஆயினும் கோசம்பி வினவினார். 29 ஆண்டு வாழ்ந்த அறிவாளி ஒருவர் முதியவரையே கண்டிராது இருந்திருப்பாரோ? ஏடுகளைத் துருவினார். தீக நிகாயத்தில் அந்நான்கு காட்சிகளும் முற்கால விபஸ்ஸி புத்தரின் வரலாறாகவே கூறப்படுவதைக் கண்டார். மஜ்ஜிம நிகாயமோ, பெற்றோர் கண்ணீர் வடிக்கவே கோதமர் தலைமுடி களைந்து வெளியேறியதாகக் கூறுகின்றது. மக்கள் படைக்கலம் ஏந்தி ஒருவரோடொருவர் பகைப்பதைக் கண்டு அஞ்சியதாகச் சுத்தநிபாதம் தெரிவிக்கின்றது. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் பூசலிட்ட செய்தியை இவற்றோடு சேர்த்து நோக்கி, மனிதரின் சண்டையும் பூசலுமே புத்தரைத் துறவுக்கு உந்தியிருக்கும் எனக் கருதினார். 1940ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த 'பகவான் புத்தர்' என்னும் மராத்தி நூலில் இதனை விளக்கினார். அறிஞரிடையே இதுபற்றி மாறுபாடு உண்டு. எனினும் 1957ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் பாபாசாகேப் அம்பேத்கரும் நான்கு காட்சிக் கதையை விலக்கி, ரோகிணி நீர்ப் பூசலையே துறவின் காரணமாக எடுத்துரைத்தார். கதை நீங்கியதால் புத்தர்பால் நமக்குள்ள அன்பு குறைந்ததோ? இல்லை; அவர் நம் துயரத்திற்கு இன்னும் அணுக்கமானார்.

1937ஆம் ஆண்டு பரேலில் பகுஜன விகாரை எழுந்தது. ஆலைச் சங்கொலி கேட்கும் உழைப்பாளர் பகுதியை அறிஞர் பெருமகனார் தம் இருப்பிடமாகக் கொண்டார். அவ்வாலைகள் இன்று மூடப்பட்டுவிட்டன. ஆயினும் ரிங் பிரேமின் முன் நின்று உழைத்தோர் நம்முள் இன்றும் உளர். எந்த இயந்திரத்திலும் இழை அறும். அறுந்ததைக் கண்டவுடன் ஒட்டுபவன் நூலைக் காக்கின்றான். காணாது நிற்பவன் பக்கத்தில் பஞ்சு கழிவாய்ப் போகின்றது. தவறான எண்ணம் எழுவதும் அத்தகையதே. எழுந்ததை எழுந்தவாறு காண்பதே விழிப்பு. அதன் காரணத்தை வினவுவது அடுத்த படி. மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆம் சுத்தம் எண்ணங்களை அடக்க ஐந்து வழிகளைக் கூறுகின்றது. விரைந்து நடப்பவன், தான் ஏன் விரைகின்றோம் என வினவி மெல்ல நடத்தலும், பின் நிற்றலும், அமர்தலும்போல, எண்ணத்தை அதன் காரணம் கேட்டுத் தணிப்பது அவற்றுள் ஒன்று.

தாராவியிலும் மாதுங்கா லேபர் கேம்பிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இதனைத் தமக்கே பொருத்திப் பார்த்தல் வேண்டும். பிறர் நமக்கு இழைத்த இழிவு பொய்யன்று. அதை மறக்குமாறு நாம் கூறவில்லை. ஆனால் நாம் தாழ்ந்தவர் என்று நம் நெஞ்சின் மூலையில் இன்னும் முணுமுணுக்கும் எண்ணம் யாருடையது? பிறர் விதைத்து நம்முள் வளர்ந்தது அது. திரிசரணம் ஏற்றபின்னும் மகளுக்கு மணம் பேசுங்கால் உட்பிரிவு கேட்கும் எண்ணம் யாருடையது? அதுவும் அவ்விதையின் மரமே. அவ்விரண்டையும் ஆசானிடம் கேட்டறிய வேண்டுவதில்லை. அமைதியாய் அமர்ந்து நம்மையே கேட்டால் விடை கிடைக்கும்.

கோசம்பி 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டார். ரஷ்யா சென்று பொதுவுடைமையையும் ஆராய்ந்தார். முதுமையில் நோயுற்று, சமண நெறியைப் பின்பற்றி உண்ணாநோன்பு மேற்கொண்டார். காந்தியடிகளின் சொற்கேட்டு ஒருமுறை அதனைக் கைவிட்டார். எனினும் 1947ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சேவாகிராமத்தில் நோன்பிருந்தே மறைந்தார். அம்முடிவை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. நோயுற்றோரைத் தாமே பேணிப் பிறரையும் பேணச் சொன்னவர் பகவன். பேணப்படுவது சுமையென்று நோயாளி எண்ணின் அவ்வெண்ணமும் வினவத்தக்கதே. ஆசிரியரையும் ஆராய்ந்தே ஏற்பது அவரை அவமதிப்பதாகாது. அவர் கற்பித்த பாடத்தைக் கற்றோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

அன்பர்களே, நாள்தோறும் வந்தனம் முடித்தபின் சிறிதுபோது அமர்ந்து, அன்று நம்மை ஆண்ட ஓர் எண்ணத்தை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, மெய்யோ, யாருக்கு நன்மை பயக்கும் என வினவுவோமாக. அனைத்துயிரும் நலம் பெறுக!