விரயத்தைப் பொறுக்காத மனுஷன்: ருடோல்ஃப் டீசல்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் வளர்ந்த பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. டீசல் இன்ஜின்னா ஜன்னல் அதிர்ற சத்தமும் கறுப்புப் புகையும்தான் அவங்களுக்கு ஞாபகம் வரும். அந்த இன்ஜினுக்குத் தன் பெயரைக் கொடுத்தவருக்கோ, எரிபொருள் வீணாவதைக் கண்டால் ஆகாது.

ருடோல்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸில் ஒரு ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் சாமான் செய்யும் தொழில், வசதி குறைவு. 1870-ல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓட வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வயசுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். படிப்பில் கெட்டிக்காரர், உபகாரச் சம்பளத்தில் மூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே பேராசிரியர் லிண்டே நடத்திய பாடம் அவரைப் பிடித்துக்கொண்டது. நீராவி இன்ஜினில் போடும் நிலக்கரியின் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட வேலைக்கு வருவதில்லை. மற்றதெல்லாம் சூடாகக் காற்றில் போகிறது. இதை மாற்றியே தீருவது என்று மாணவப் பருவத்திலேயே முடிவு செய்துவிட்டார். காற்றை வேகமாக அழுத்தினால் சூடேறும், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்பதுதான் அவர் வழி. நம்ம மலாய்க் கிராமங்களில் கோபேக் ஆப்பி என்று ஒரு தீமூட்டி இருந்தது. குழாய்க்குள் தண்டைப் பட்டென்று அடித்தால் உள்ளே நெருப்புப் பிடிக்கும். அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எவ்வளவு நிஜமோ, கேட்க நமக்குச் சந்தோஷம்தான்!

1893-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில் கருவி வெடித்துச் சிதறியது, உயிர் தப்பியதே பெரிசு. நாலு வருஷம் விடாமல் உழைத்தார். 1897 சோதனையில் எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்துக்கு மேல் வேலையாகக் கிடைத்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அவர் வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது. விவசாயி விளைவிக்கும் எண்ணெயில் இன்ஜின் ஓட வேண்டும் என்பது அவர் ஆசை.

ரயில்தான் கைகொடுக்கவில்லை. 1912-ல் சுவிட்சர்லாந்தில் அவர் பங்கெடுத்த ரயில் இன்ஜினைச் சோதித்தார்கள். இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைத்திருந்ததால், நின்ற வண்டியைக் கிளப்புவதே பெரும்பாடு. அதற்குள் தலைவலியும் கடனும் அவரை வாட்டின. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து போகும் கப்பலிலிருந்து காணாமல் போனார். சில நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலின் சட்டைப் பையிலிருந்த பொருள்களை வைத்து மகன் அடையாளம் சொன்னார். டைரியில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு சிலுவைக் குறி. வயசு 55.

அவர் விட்ட இடத்தில் மற்றவங்க தொடர்ந்தாங்க. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும், மின்மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். வண்டி நின்றாலும் ஓடினாலும் இன்ஜின் தனக்கு ஏற்ற வேகத்தில் ஓடலாம். இந்த வகை இன்ஜின்கள் 1957-ல், நாம் சுதந்திரம் அடைந்த அதே வருஷம், இங்கிலாந்திலிருந்து மலாயா ரயில்வேக்கு வந்தன. 1886-ல் நீராவியோடு தொடங்கிய கோலாலம்பூர் - கிள்ளான் பாதையில் 1995-ல் மின்சார கொமுட்டர் வந்தது.

அந்தச் சத்தம் எதனால்? உள்ளே தெளித்த எண்ணெய் சற்றுத் தாமதித்து, மொத்தமாகத் தீப்பிடிப்பதால் வரும் அடி அது. இப்போது கம்ப்யூட்டர் முதலில் ஒரு துளியைத் தெளித்துப் பற்றவைத்து, பிறகு மீதியை விடுகிறது; அடி மெத்தென்று ஆகிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ கூடுதல் காற்றைத் தள்ளுவதால் எண்ணெய் முழுசாக எரிகிறது. கரியை வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. ஸ்டேஷனில் சும்மா நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடுவதே பெரிய மிச்சம், இதுக்கு எந்தப் பட்டமும் வேண்டாம்! கந்தகம் குறைந்த டீசலும் நம் நாட்டுக்கு வந்தாச்சு. 2019 முதல் வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து வருகிறது, நம்ம தாத்தா பாட்டி உழைத்த தோட்டங்களில் விளைவது. கிமாஸிலிருந்து தும்பாட் வரை, கிழக்குக்கரைப் பாதையில் இன்றும் டீசல் ரயில்தான் ஓடுது.