அடுப்பில் கருகிய ரப்பரும் சார்லஸ் குட்இயரும்

கார் டயரில் குட்இயர் என்ற பெயரைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. ஆனால், அந்த டயர் நிறுவனத்தைத் தொடங்கியவர் சார்லஸ் குட்இயர் அல்லர். 1898ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரோன் நகரில் அது தொடங்கப்பட்டபோது அவர் இறந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நினைவாகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவருடைய குடும்பத்துக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை.

பொருளின் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் ஆகியவற்றைப் படிக்கும் மாணவர்களுக்கு இவருடைய வாழ்க்கை ஒரு முழுப் பாடம். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

1800ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார் குட்இயர். தந்தையோடு சேர்ந்து இரும்புச் சாமான் வியாபாரம் செய்தார். 1830இல் வியாபாரம் நொடித்தது. கடனைக் கட்ட முடியாதவர்களைச் சிறையில் அடைக்கும் காலம் அது. அவரும் சிறைக்குப் போனார். அது கடைசி முறையும் அல்ல.

1834இல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கடைக்குச் சென்றபோதுதான் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. அப்போது அமெரிக்காவில் ரப்பர் காலணிகளும் மழை அங்கிகளும் புதுமையாக விற்பனைக்கு வந்திருந்தன. ஆனால், கோடையில் அவை உருகிப் பிசுபிசுத்து நாறின. குளிர்காலத்தில் கட்டை போல விறைத்து வெடித்தன. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து போட்டதால் நிறுவனங்கள் சரியத் தொடங்கின.

சூட்டில் இளகுவதும் குளிரில் விறைப்பதும் பௌதிக மாற்றங்கள். ரப்பர் என்பது மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். சூடேறும்போது சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்குகின்றன. குளிரும்போது அசைவு குறைகிறது. சங்கிலி மட்டும் அதே சங்கிலிதான். அதாவது, ரப்பரின் குறையை நீக்க அதன் தோற்றத்தை மாற்றினால் போதாது. பொருளையே மாற்ற வேண்டும்.

குட்இயருக்கு இது தெரியாது. அவர் இரசாயனம் படித்தவரும் அல்லர். முதலில் மக்னீசியாத் தூளை ரப்பரில் பிசைந்தார். வெள்ளையாக, அழகாக வந்தது. கோடை வந்ததும் இளகியது. சுண்ணாம்பைச் சேர்த்துப் பார்த்தார். பிறகு நைட்ரிக் அமிலத்தில் நனைத்தார். பிசுபிசுப்பு போய்விட்டது. அந்த நம்பிக்கையில் அரசாங்கத்துக்கு 150 தபால் பைகள் செய்யும் குத்தகையை ஏற்றார். வெப்பமான அறையில் வைத்திருந்த பைகள் சில வாரங்களில் இளகித் தொங்கின. மேற்பரப்பு மட்டும்தான் மாறியிருந்தது. உள்ளே இருந்தது அதே பழைய ரப்பர்.

கந்தகத்தைச் சேர்க்கும் வழியை நத்தேனியல் ஹேவர்ட் என்பவரிடமிருந்து அவர் பெற்றார். 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் ஊரில், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டது. உருக வேண்டிய ரப்பர் தோல் போலக் கருகியது. கருகிய ஓரத்தை ஒட்டி, மிருதுவாகவும் நீளும் தன்மையோடும் ஒரு பகுதி இருந்தது. குளிரில் வைத்துப் பார்த்தார், விறைக்கவில்லை. மறுபடி சூடுகாட்டினார், இளகவில்லை.

இதுதான் இரசாயன மாற்றம். வெப்பத்தில் கந்தக அணுக்கள் ஒரு சங்கிலியை அடுத்த சங்கிலியோடு பாலம் போலப் பிணைத்துவிடுகின்றன. இழுத்தால் ரப்பர் நீளும். விட்டால் பாலங்கள் அதைப் பழைய நிலைக்கு இழுத்துவரும். புதிய பொருள் உருவாகிவிட்டது. சூட்டை ஆற்றினாலும் அது பழைய ரப்பராகாது. இதைத்தான் பள்ளியில் மலாய்மொழியில் பெம்வுல்கானான் என்று படிக்கிறோம். தமிழில் கந்தகமேற்றம் எனலாம். நீண்ட சங்கிலி என்ற விளக்கத்தை ஜெர்மானிய விஞ்ஞானி ஸ்டாடிங்கர் முன்வைத்தது 1920இல்தான். குட்இயர் காரணம் தெரியாமலேயே விளைவைப் பிடித்தவர்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் வீட்டில் விற்க ஏதும் மிஞ்சவில்லை. பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைக்கூட விற்றார். அவருக்கும் மனைவி கிளாரிசாவுக்கும் பிறந்த பிள்ளைகளில் பலர் சிறுவயதிலேயே இறந்தார்கள். விடாமுயற்சி என்று நாம் பாராட்டும்போது, அதற்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

1844 ஜூன் 15ஆம் நாள் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 25 பங்கு ரப்பர், 5 பங்கு கந்தகம், 7 பங்கு வெள்ளை ஈயம் என்பது அதிலுள்ள கலவை. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அவரை முந்திக்கொண்டார். குட்இயரின் மாதிரித் துண்டுகள் ஹான்காக்கின் கைக்கு ஏற்கெனவே போயிருந்தன. 1852இல் அமெரிக்க வழக்கில் குட்இயர் வென்றார். ஆனாலும் 1860 ஜூலை 1ஆம் நாள் நியூயார்க்கில் இறந்தபோது, ஏறத்தாழ 2 லட்சம் டாலர் கடன் வைத்துவிட்டுப் போனார்.

அவர் மலாயாவைப் பார்த்ததில்லை. ஆனால், ரப்பர் உருகாமல் நின்றதால்தான் டயர் வந்தது. டயர் வந்ததால்தான் உலகம் ரப்பருக்கு ஏங்கியது. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். பிறகு தோட்டங்கள் பெருகின. தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அம்பாங்கானில் என் வயதினர் பலருக்குப் பால் மரம் என்பது பாட்டி சொல்லும் கதை.

என் பாட்டி பிரட்டுக்கு நின்று, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்தவர். அங்கே பாலில் பார்மிக் அமிலம் சேர்ப்பார்கள். ரப்பர்த் துகள்களைச் சுற்றியுள்ள புரத உறையின் எதிர்மின்னூட்டம் அதனால் சமப்பட்டு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் உறையும். அமிலம் சேர்க்காமல் விட்டாலும் பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தால் அது கட்டிப்பாலாகும். உருளையில் நசுக்கி, புகைக்கூடத்தில் உலர்த்திச் சீட்டாக்கினாலும் ரப்பரின் சங்கிலி மாறுவதில்லை. சங்கிலிகளைப் பிணைக்கும் வேலை வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் நடந்தது. பெரிய லாபமும் அங்கேதான் சேர்ந்தது. இன்று நம் நாட்டுக் கையுறைத் தொழிற்சாலைகள் அந்த வேலையை இங்கேயே செய்கின்றன.

குட்இயர் கண்ட நன்மையே இன்று ஒரு சிக்கலாகவும் இருக்கிறது. பழைய டயரை மெழுகு போல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. வீட்டோரம் கிடக்கும் டயரில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வளர்கிறது. சங்கிலியை அறுக்காமல் கந்தகப் பாலங்களை மட்டும் அறுக்கும் வழியை ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாம் படிவ வேதியியலில் ரப்பர் பாடம் படிக்கும் தம்பி தங்கைகளில் யாராவது அந்த வேலையில் இறங்கலாம். குட்இயருக்குக் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது: ரப்பருக்குள் என்ன நடக்கிறது என்ற அறிவு.