முன்ஷி அப்துல்லாவும் எரிந்துபோன ஏடுகளும்

மலாக்கா நகரின் முக்கியச் சாலைகளுள் ஒன்று ஜாலான் முன்ஷி அப்துல்லா. பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் அவ்வழியே நாள்தோறும் சென்று வருவோர் பலருக்கு அது வெறும் சாலைப் பெயர்தான். மலாய் இலக்கியம் படித்தவர்கள், புதிய மலாய் உரைநடைக்கு வழிகாட்டியவர் என்று அவரைப் போற்றுவார்கள். ஆனால், அவர் சிறுவயதில் முறையாகத் தமிழ் கற்றவர். கையெழுத்து ஏடுகளைத் தேடித் தேடிப் படித்தவர். தமிழில் வழங்கிய கதைகளை மலாய்க்குக் கொண்டு சென்றவர். இந்தச் செய்திகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அப்துல்லா 1796ஆம் ஆண்டு மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருடைய கொள்ளுத் தாத்தா ஏமன் நாட்டு அரபியர். சமய ஆசிரியராக நாகூருக்கு வந்து, அங்கேயே திருமணம் செய்துகொண்டவர். அவருடைய மகன் கடல் கடந்து மலாக்காவுக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துக் குடியேறினார். அப்துல்லாவின் தாயார் கெடாவில் பிறந்தவர். அப்துல்லாவுக்கு முன் பிறந்த நான்கு பிள்ளைகளும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டன. ஐந்தாவதாகப் பிறந்த இவரும் நோஞ்சானாகவே வளர்ந்தார். பல வீட்டுத் தாய்மார்கள் பாலூட்டி அந்தக் குழந்தையைக் காப்பாற்றினார்கள்.

அவருடைய பாட்டி கம்போங் பாலியில் பெரிய பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். ஆண், பெண் பிள்ளைகள் என ஏறத்தாழ இருநூறு பேர் அங்கே குர்ஆன் ஓதவும் மலாய் படிக்கவும் வந்தனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி இவ்வளவு பெரிய பள்ளியை நடத்தியது வியப்புக்குரியது. வீடே பள்ளியாக இருந்ததால், அப்துல்லா எழுத்துகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தார்.

பிறகு, தந்தை அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். அக்கால மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம். துறைமுகம் எங்கும் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்தனர். கணக்கு எழுதுவதற்கும் பேரம் பேசுவதற்கும் தமிழ் தெரிந்தால்தான் காரியம் நடக்கும். அப்துல்லா இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றார். இன்று வேலைக்கு உதவும் என்று சிலர் அயல்மொழி கற்கிறார்களே, அன்று மலாக்காவில் அந்த இடத்தில் தமிழ் இருந்தது.

தந்தை அப்துல் காதிர் கண்டிப்பானவர். மகனைப் பாராட்டிப் பேசியதே இல்லை. பள்ளிவாசலுக்கு வந்துபோகும் மனிதர்களின் பெயர்களை நாள்தோறும் எழுதிவரச் சொல்வார். மாலையில் அதைச் சோதித்துப் பார்ப்பார். ஓர் எழுத்து பிசகினாலும் திட்டு விழும். ஜாவி எழுத்தில் உயிரொலிகள் பல இடங்களில் எழுதப்படாமலேயே விடப்படும். ஆகவே, கேட்ட பெயரைப் பிழையின்றி எழுதுவது சிறுவனுக்கு எளிதான வேலை அன்று. அப்பாவின் கண்டிப்பைப் பொறுக்க முடியாமல் அப்துல்லா பலமுறை மனம் வெதும்பினார்.

ஒரு நாள், கடன் பத்திரம் எழுதுவதற்காகக் கப்பல் தலைவர் ஒருவர் தந்தையைத் தேடி வந்தார். தந்தை வீட்டில் இல்லை. காத்திருக்க நேரமில்லாத அந்த மனிதருக்காக, சிறுவன் அப்துல்லாவே தாளை எடுத்துப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். கப்பல் தலைவர் கையொப்பமிட்டு, கூலியாகப் பணமும் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தந்தை வந்துவிட்டார். சிறுவன் நடுங்கிப் போனார். தந்தை பத்திரத்தைப் படித்துப் பார்த்து இலேசாகச் சிரித்தார். மகனிடம் பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. தனிமையில் தாயாரிடம் மட்டும், நம் மகன் இன்றுதான் பிறந்ததுபோல் இருக்கிறது என்று சொல்லி மகிழ்ந்தார். அதை மறைவில் நின்று கேட்ட பிறகுதான், அத்தனை கண்டிப்பும் எதற்காக என்று அப்துல்லாவுக்குப் புரிந்தது.

அவருக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும்போது மலாக்காவின் பழைய கோட்டை இடிக்கப்பட்டது. 1807ஆம் ஆண்டு ஆங்கிலேய அதிகாரி ஃபார்குவார் வெடிமருந்து வைத்துத் தகர்த்த அந்தக் கோட்டையில், ஒரு வாசல் மட்டுமே இன்று எஞ்சி நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் ஆ ஃபமோசா வாசல் அதுதான். யானையளவும் வீட்டளவுமான கற்கள் வானில் பறந்து கடலில் விழுந்ததை அப்துல்லா நேரில் கண்டார். பெரியது, வலியது என்று எல்லாரும் நம்பியது ஒரே நாளில் இல்லாமற்போகும் என்பதை அவர் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

மலாக்காவில் தங்கியிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்து, அவர்களிடமிருந்து இந்துஸ்தானி மொழியைக் கற்றுக்கொண்டார். ஆசிரியர் என்னும் பொருளில் முன்ஷி என்று அவரை அழைத்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்தாம். அந்தப் பட்டம் இறுதிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது.

அரபு, தமிழ், இந்துஸ்தானி எல்லாம் கற்ற பிறகும், மலாய் ஏடுகளில் தமக்குப் புரியாத சொற்கள் நிறைய இருப்பதை அவர் உணர்ந்தார். மலாய் பேசுவதற்குப் பள்ளி எதற்கு என்று அக்காலத்தில் பலர் நினைத்தார்கள். அதனால் மலாய்மொழிக்கென்று பள்ளி இல்லை. அப்துல்லா மொழியறிந்த பெரியவர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களோடு பழகி, சொற்களின் பொருளைக் கேட்டறிந்தார். ஏடு வைத்திருப்பவர் இருக்கும் இடம் தெரிந்தால், அங்கே போய் இரவல் கேட்டுப் படித்தார்.

இரவல் என்பது இங்கே முக்கியமான சொல். அன்று மலாய்க் கதைகளும் வரலாறுகளும் அச்சில் இல்லை. ஒருவர் ஏட்டைப் பார்த்து, மற்றொருவர் மை தொட்டுத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய கதையைப் படியெடுக்க வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஆகும். ஊரில் ஒரு நூலுக்கு ஒரே ஒரு படிதான் இருந்தது என்றால், அந்த ஒரு படிதான் அந்த நூல்.

1810ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்து, பண்டார் ஹிலிரில் தங்கினார். ஜாவாவின்மீது ஆங்கிலேயர் படையெடுப்பதற்கான ஏற்பாடுகளைக் கவனிப்பது அவருடைய பணி. அவருக்கு வேறொரு தீராத ஆசையும் இருந்தது. இலை, பூ தேட ஓர் ஆள், பூச்சி பிடிக்க ஓர் ஆள், சிப்பியும் பவளமும் சேகரிக்க ஓர் ஆள், விலங்குகளையும் பறவைகளையும் கொண்டுவர ஓர் ஆள் என்று வேலைக்கு அமர்த்தினார். அதேபோல் மலாய் ஏடுகளையும் சேர்க்கத் தொடங்கினார். ஊர் ஊராகச் செய்தி பரவியது. பலர் தங்கள் வீட்டு ஏடுகளைக் கொண்டுவந்து விற்றனர். விற்க விரும்பாதவர்களின் ஏடுகளை இரவலாகப் பெற்று எழுத்தர்கள் படியெடுத்தனர். அந்த எழுத்தர்களுள் மிக இளையவர் அப்துல்லா. அவருக்கு அப்போது வயது ஏறத்தாழ பதினான்கு.

படிப்பு வெறி கொண்ட ஒரு சிறுவனுக்கு இதைவிட நல்ல வேலை வேறு என்ன கிடைக்கும்? அதுவரை பெயரை மட்டும் கேட்டிருந்த கதைகள் எல்லாம் அவர் கைக்கு வந்தன. அவற்றைப் படிப்பதற்கே சம்பளமும் கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் நினைவுகூர்ந்தபடி, கதைகளும் வரலாறுகளுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட ஏடுகள் அங்கே சேர்ந்தன. பாடல்களும் பந்துன்களும் அந்தக் கணக்கில் வரா. 1811இல் ராஃபிள்ஸ் ஜாவாவுக்குப் புறப்பட்டபோது, ஏடுகள் பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கப்பலேறின. அப்துல்லாவும் உடன்செல்ல ஆசைப்பட்டார். ஒரே பிள்ளையைப் பிரிய மனமில்லாத தாயார் தடுத்துவிட்டார்.

ராஃபிள்ஸ் நூல்களை நேசித்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவர் போன பிறகு மலாக்காவில் ஏடுகள் அருகிவிட்டன என்பதும் உண்மை. சில வெள்ளிக்காசுகளுக்கு ஏட்டைக் கொடுத்தவர்கள், பக்கத்து வீட்டில் இன்னொரு படி இருக்கும் என்று நினைத்திருக்கலாம். பக்கத்து வீட்டாரும் அப்படியே நினைத்து விற்றிருக்கலாம்.

1824ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், சுமத்ராவின் பெங்கூலுவிலிருந்து ஃபேம் என்னும் கப்பலில் ராஃபிள்ஸ் குடும்பத்துடன் தாய்நாட்டுக்குப் புறப்பட்டார். அவர் பல ஆண்டுகளாகத் திரட்டிய ஏடுகள், வரைபடங்கள், ஓவியங்கள், விலங்குகள் என அனைத்தும் அந்தக் கப்பலில் இருந்தன. அன்றிரவே கப்பலில் தீப்பிடித்தது. மதுப் பீப்பாய் இருந்த அறைக்குள் மூடியில்லாத விளக்கைக் கொண்டு சென்றதே காரணம். மனிதர்கள் எல்லாரும் படகுகளில் ஏறி உயிர் தப்பினர். பொருள்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

செய்தி மலாக்காவை எட்டியபோது அப்துல்லா நிலைகுலைந்து போனார். பொன்னும் பொருளும் போனதற்காக அவர் வருந்தவில்லை. அவற்றை ராஃபிள்ஸ் மீண்டும் தேடிக்கொள்வார். அந்த ஏடுகள் அச்சு நூல்களாக இருந்திருந்தால், வேறெங்காவது ஒரு படியேனும் கிடைத்திருக்கும். கையால் எழுதிய ஏட்டை எங்கே போய்த் தேடுவது? தாம் எழுதிய பக்கங்களும் அந்த நெருப்பில் போயிருக்கும் என்பதை அவர் அறிவார். ராஃபிள்ஸ் முன்னரே இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற சில ஏடுகள் மட்டும் தப்பின. அவை இன்று லண்டனில் உள்ள அரச ஆசியக் கழகத்தில் இருக்கின்றன.

அச்சுத் தொழில் அப்போது அவருக்குப் புதிதல்ல. 1815இல் மலாக்காவுக்கு வந்த வில்லியம் மில்ன் என்னும் பாதிரியாருக்கு மலாய் கற்பித்து, அவரிடம் ஆங்கிலம் கற்றிருந்தார். மெட்ஹர்ஸ்ட் என்பவரிடம் எழுத்துக் கோக்கவும் பழகியிருந்தார். பாதிரிமாரோடு பழகுகிறாரே என்று ஊரில் சிலர் அவரை ஐயத்தோடு பார்த்தனர். அவர் தம் சமயத்தையும் விடவில்லை, அச்சுக்கூடத்தையும் விடவில்லை.

அங்கே அவருக்குச் சண்டைகளும் இருந்தன. தாம்சன் என்னும் பாதிரியார் செய்த மலாய் மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணி ஒருமுறை அவரிடம் வந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால் சொற்கள் மலாயாக இருக்குமே தவிர, வாக்கியம் மலாயாக இராது என்று அப்துல்லா வாதாடினார். தாம்சன் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சில் வந்த பிழைகளுக்குத் தம்மைத்தான் பழிப்பார்கள் என்று அப்துல்லாவுக்கு வருத்தம். மொழிபெயர்ப்பவர்கள் இன்றும் மறக்கக்கூடாத வாதம் அது.

சிறுவயதில் கற்ற தமிழ் அவருக்குக் கணக்கு எழுத மட்டும் பயன்படவில்லை. 1835ஆம் ஆண்டு, தமிழறிந்த நண்பர் ஒருவரின் துணையோடு, தமிழில் வழங்கிய பஞ்சதந்திரக் கதைகளை மலாயில் எழுதி முடித்தார். நரியும் சிங்கமும் எருதும் பேசும் அந்தக் கதைகள் நம் பாட்டிமார் சொன்னவை. வணிகரோடு வந்த மொழி கதைகளையும் சுமந்து வந்திருந்தது.

பிறகு, அவர் சிங்கப்பூரில் அதிகமாகத் தங்கினார். 1838இல் கிளந்தானுக்குக் கப்பலில் சென்று வந்த பயணத்தை ஒரு நூலாக எழுதினார். கண்டதை ஒளிக்காமல் எழுதும் துணிவு அதில் தெரியும். 1840ஐ ஒட்டி, மலாக்கா அரசின் வரலாற்றைச் சொல்லும் செஜாரா மெலாயுவைச் செப்பம் செய்து அச்சேற்றினார். ஹாங் துவாவின் கதையைக் கேட்டிராத மலாக்காப் பிள்ளை இல்லை. அந்த வரலாறு அதுவரை ஏடு வைத்திருந்தவர்களின் பெட்டிகளில்தான் இருந்தது. அச்சேறிய பிறகு பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது.

ஆல்ஃபிரட் நார்த் என்னும் அமெரிக்கர் தூண்டியதால், அவர் தம் வாழ்க்கையையே எழுதத் தொடங்கினார். 1843இல் எழுதி முடித்த ஹிக்காயாட் அப்துல்லா, 1849இல் கல்லச்சில் வெளிவந்தது. கல்லச்சில் கையெழுத்தின் அழகு அப்படியே தாளில் விழும். ஆனால், ஒன்றுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான படிகள் கிடைக்கும். அரசர்களையும் வீரர்களையும் மட்டுமே பாடிய காலத்தில், ஓர் எழுத்தர் தம் பாட்டியின் பள்ளியையும், அப்பாவின் திட்டையும், இடிந்த கோட்டையையும், கடலில் எரிந்த ஏடுகளையும் எழுதினார். ஃபேம் கப்பலின் செய்தி கேட்டு மலாக்காவில் ஒருவர் எப்படித் துடித்தார் என்பது நமக்குத் தெரிவதும் அந்த நூலால்தான்.

1854ஆம் ஆண்டு, அப்துல்லா ஹஜ் கடமையை நிறைவேற்றச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறினார். வழியில் கண்ட துறைமுகங்களையும் கடலையும் வழக்கம்போல் குறித்துக்கொண்டே சென்றார். அந்தப் பயணத்தின்போதே அவர் காலமானார். ஜித்தாவரை எழுதப்பட்டிருந்த அந்தக் குறிப்பேடு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் செர்மின் மாத்தா என்னும் மலாய் இதழில் அதுவும் அச்சேறியது.