மூட்டுவலி மாத்திரை முதல் யானைக்கால் மருந்து வரை... யார் இந்த சுப்பாராவ்?

காரைக்குடியோ, நாச்சியாபுரமோ... முடக்குவாதத்துக்கு வைத்தியம் பார்க்கும் பாட்டியின் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பல சீட்டுகளில் மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் ஆசிட் என இரண்டு பெயர்கள் சேர்ந்தே இருக்கும். இந்த இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள்: சென்னையில் படித்த யெல்லபிரகட சுப்பாராவ்.

கதரால் கைநழுவிய பட்டம்

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று கதர் அங்கியோடு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. நன்றாகத் தேர்வு எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

இதற்கிடையே ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குத் தன் சகோதரரைப் பறிகொடுத்தார். இதற்கெல்லாம் ஏன் மருந்தே இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. 1920-களின் தொடக்கத்தில், மனைவியை ஊரில் விட்டுவிட்டு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே படிப்புச் செலவுக்காக மருத்துவமனையில் இரவு நேர உதவியாளர் வேலையும் பார்த்தார்.

டி செல் எப்படி ஊர் சுற்றுகிறது?

நம் உடம்பின் காவல்காரர்களில் முக்கியமானது டி செல். இது ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. ரத்தத்தில் மிதந்து வரும், ரத்தக்குழாய்ச் சுவரில் உருளும், ஒட்டிக்கொள்ளும், பிறகு இடுக்கில் நுழைந்து நிணநீர் முடிச்சுக்குள் போகும். அங்கே சில மணி நேரம் கிருமியின் தடயம் தேடும். ஒன்றும் இல்லையென்றால் நிணநீர்க் குழாய் வழியாக மறுபடி ரத்தத்துக்கே திரும்பிவிடும். எங்காவது தொற்று என்றால், ரத்தக்குழாயை விட்டு அந்தத் திசுவுக்குள்ளேயே இறங்கிவிடும்.

இப்படி ஊர்ந்து போக எரிபொருள் வேண்டுமே? அதுதான் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவும் சுப்பாராவும் 1929-ல் தசையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியின் லோமானும் கண்டுபிடித்தார்.

பாதையை அடைக்கும் புழு

யானைக்கால் புழு குடியிருப்பது டி செல்கள் பயணிக்கும் அதே நிணநீர்ப் பாதையில்தான். பாதை கெட்டால் நீர் தேங்கும், கால் வீங்கும். 1940-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்துக்குப் போன சுப்பாராவின் குழுதான் இதற்கான டி.இ.சி. மருந்தை 1947-ல் கொண்டுவந்தது. நம் ஊரில் வீடு வீடாகக் கொடுத்த யானைக்கால் மாத்திரை இதுவே. ரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளை இது அழிக்கும். ஆனால் ஏற்கெனவே வீங்கிய காலைப் பழையபடி மாற்றாது.

கொடுக்கவும் ஒன்று, தடுக்கவும் ஒன்று

1945-ல் அவரது குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரரைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கே அது மருந்தானது. செல்கள் பெருக ஃபோலிக் ஆசிட் தேவை. அப்படியென்றால், அதைத் தடுத்தால் புற்றுநோய் செல் பெருகாதே? அப்படிப் பிறந்ததுதான் அமினோப்டெரின். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது.

அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்தில் டி செல்கள் வழிதவறி மூட்டுக்குள் இறங்கி, சொந்த உடம்பையே தாக்கத் துணைபோகின்றன. சிறிய அளவு மெத்தோட்ரெக்சேட் அந்தக் கோபத்தைத் தணிக்கிறது. பக்கவிளைவைக் குறைக்கத்தான் கூடவே ஃபோலிக் ஆசிட். ஒன்று கவனம்: மூட்டுக்கான இந்த மாத்திரை வாரம் ஒரு நாள் மட்டுமே. தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஊர் திரும்பாத மனிதர்

1948 ஆகஸ்டில், 53 வயதில், மாரடைப்பால் காலமானார் சுப்பாராவ். அதுவரை ஒருமுறைகூட அவர் இந்தியா திரும்பவில்லை. நோபல் பரிசும் கிடைக்கவில்லை. அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கவில்லை. நூற்றாண்டான 1995-ல் இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர் திரும்பி வராத ஊர்களுக்கு அவரது மருந்துகள் வந்துவிட்டன.